சுகருக்கென்று யாரும் வந்து படுப்பதில்லை

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் வார்டுக்கு சுகருக்கென்று யாரும் வருவதில்லை. குடலிறக்கம், பித்தப்பைக் கல், பைக்கில் விழுந்து முறிந்த கை, ஆறாத கால்புண் என்றுதான் வந்து சேர்கிறார்கள். ஆனால் விடிகாலையில் குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினால், விரலில் குத்தாமல் தாண்டிப் போகிற கட்டில்கள் குறைவு.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் என்றது. நாட்டின் சராசரி 11.4. அது வீடுகளில் இருக்கும் மக்களிடம் எடுத்த கணக்கு. வார்டுக்குள் அதைவிடக் கூடத்தான் இருக்கும். இங்கே வயதானவர்கள் அதிகம். போதாததற்கு புண், சிறுநீரகக் கோளாறு, மாரடைப்பு, காசநோய் என்று ஆளைக் கட்டிலில் கொண்டுவந்து தள்ளுவதில் சர்க்கரைக்கும் பங்கு இருக்கிறது.

அட்மிஷன் போடும்போது "சுகர் இருக்கா?" என்று கேட்பது வழக்கம். என் அனுபவத்தில் இதைவிட உதவாத கேள்வி இல்லை. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் "அதெல்லாம் எனக்குக் கெடையாது தாயி" என்றார். மாத்திரைப் பையை வாங்கிப் பார்த்தால் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரைகள் இருந்தன. "மாத்திரை போடுறேன்ல, அதான் இப்ப இல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கடைசியாகப் பார்த்தபோது அளவு சரியாக இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதோடு நோய் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார். இப்போதெல்லாம் நான் முதலில் மாத்திரைப் பையைத்தான் கேட்கிறேன்.

மாத்திரையே போடாதவர்களுக்கும் ரத்தச் சர்க்கரை 250, 300 என்று வரும். உடனே சர்க்கரை நோயாளி என்று எழுதிவிட முடியாது. கடுமையான நோய்த்தொற்று, விபத்து, அறுவை சிகிச்சை, ஸ்டீராய்டு ஊசி எல்லாமே அளவை ஏற்றிவிடும். அதற்குத்தான் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை. முந்தைய இரண்டு மூன்று மாதக் கதையை அது சொல்லும். 6.5 சதவீதத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே நோய் உடம்பில் இருந்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். ரத்தசோகை உள்ளவர்களிடமும் சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்களிடமும் மட்டும் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

எங்களுக்கு அதிக வேலை வைப்பது கால்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனவர்கள், சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் அழகரோடு சுற்றியவர்கள், கொப்புளத்தோடு வருவார்கள். சர்க்கரையால் உணர்ச்சி நரம்புகள் மரத்துப்போயிருப்பதால் தார்ரோடு சுட்டது தெரிந்திருக்காது. வலிக்கவில்லை என்பதாலேயே மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார்கள். விரல் கறுத்த பிறகு மகன் பார்த்துப் பதறிப்போய்க் கூட்டிவருவார். நேர்த்திக்கடனை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கமாட்டார்கள். ராத்திரி படுக்கும்முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பயம். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டாயிற்று, சாப்பாடு வர நேரமாகிவிட்டது, அல்லது ஸ்கேனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று வையுங்கள். 70-க்குக் கீழே போனால் ஆள் வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசுவார். அந்த நேரத்தில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கப் போனால், "சுகர்காரருக்கு இனிப்பா?" என்று வீட்டுக்காரர்கள் கையைப் பிடிப்பார்கள். அதே வீட்டுக்காரர்கள்தான் பார்க்க வரும்போது பன்னும் மாம்பழ ஜூஸும் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார்கள்! வார்டில் பலருக்கும் 140-லிருந்து 180-க்குள் அளவை நிறுத்தப் பார்க்கிறோம். அந்த ஜூஸ் பாட்டிலைக் கணக்கில் சேர்க்காமல் இது நடக்காது.

டிஸ்சார்ஜ் அன்று இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்போம். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு மண்பானை யோசனை. பானையில் ஈரமணல் போட்டு, மருந்துக் குப்பியைத் தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் மூடி உள்ளே வைத்துக்கொள்ளலாம். உசிலம்பட்டிக்காரர் ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஊசி போட்டுப் பழகவேண்டிய அவர் மனைவி கைநீட்டி, "எனக்கும் ஒருக்கா குத்திப் பாரும்மா" என்றார். சும்மா வேடிக்கைக்குத்தான் கேட்டார். 286 காட்டியது. ஒரு நிமிடம் மெஷினைப் பார்த்தவர், "சரி, அத அப்பறம் பாத்துக்குவோம். இவருக்கு எத்தன மணிக்கு ஊசி, அதச் சொல்லு" என்றார். சொல்லிக்கொடுத்தேன். மறுநாளே வெறும்வயிற்றில் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுக்கச் சொல்லி, கணவரின் மருந்துச் சீட்டோடு அவர் பெயரிலும் ஒரு சீட்டு எழுதி வைத்தேன்.