அத்தையின் ஆபரேஷன்: என் நாட்குறிப்பிலிருந்து

ஜனவரி 18

அத்தை சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் அவருக்குச் சிறுநீர் கசிகிறது. பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டே பல வருடம் ஓட்டிவிட்டார். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டார். முன்பு பார்த்த டாக்டர் ஒருவர், "மூணு புள்ள பெத்தா அப்படித்தாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். கேட்கவே ஆத்திரமாக வந்தது.

இன்று மதுரையில் வேறொரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். "இருமுனா வருதா, இல்ல அவசரமா முட்டிக்கிட்டு பாத்ரூம் போறதுக்குள்ள வருதா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இரண்டும் வேறு வேறு கோளாறு. முதல் வகைக்குத்தான் ஆபரேஷன். சிறுநீர் நிறைந்திருக்கும்போது இருமச் சொல்லிப் பார்த்தே உறுதிசெய்தார். ஆனாலும் முதலில் 3 மாதம் பயிற்சி, அதற்குப் பிறகுதான் மற்றது என்றார்.

மார்ச் 2

சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி, பிறகு விட வேண்டும். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளைக்கு 3 வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. அத்தை திண்ணையில் பூக்கட்டும்போதே செய்துவிடுகிறார். மல்லிகையை வைத்து நாரைச் சுற்றும்வரை இறுக்கம், முடிச்சு விழுந்ததும் தளர்வு. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குக்கூடத் தெரியாது.

ஏப்ரல் 27

தும்மலுக்குக் கசிவது குறைந்திருக்கிறது. புல்லுக்கட்டைத் தூக்கினால் மட்டும் பழைய கதைதான். ஆபரேஷன் பற்றிப் பேசப் போனோம்.

டாக்டரம்மா படம் வரைந்தே விளக்கினார். 1961-இல் வந்த பர்ச் முறையில், மூத்திரப்பைக் கழுத்தை ஒட்டிய பகுதியைத் தையல் போட்டு மேலே தூக்கி நிறுத்துகிறார்கள். 1990களில் சுவீடனில் உல்ம்ஸ்டன் என்ற மருத்துவர் கொண்டுவந்தது டேப். பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூலில் பின்னிய, சிறுநீர்க் குழாய்க்கு அடியில் வைக்கும் ஒரு சென்டிமீட்டர் அகல நாடா அது. சிறிய கீறல், சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்றாவது, அடிவயிற்றுத் தசையின் மேலுறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துச் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தூளி போலக் கட்டுவது.

டேப் வைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். சிலருக்கு அது சதையை அரித்து வெளியே தெரியும், வலி நிற்காது. இப்படிப்பட்ட புகார்களால்தான் இங்கிலாந்தில் 2018 ஜூலையில் டேப் வைப்பதை நிறுத்திவைத்தார்கள் என்பதையும் அவரே சொன்னார். மறைக்காமல் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பின்னால வேணாம்னா உருவிக்கிடலாமா?"

"முழுசா எடுக்கிறது கஷ்டம்மா. சதையோட சதையா ஒட்டிக்கிரும்."

"அப்ப என் தசையிலயே கட்டிருங்க."

வெட்டு பெரிது, தேற நாளாகும், கொஞ்ச நாள் சிறுநீர் பிரியாமலும் போகலாம் என்று எச்சரித்தார். அத்தை தலையை ஆட்டினாரே தவிர முடிவை மாற்றவில்லை. நானாக இருந்தால் ஒருவேளை டேப்பைக் கேட்டிருப்பேன். ஆனால் உடம்பு அவருடையது.

மே 21

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் முடிந்தது. மூத்திரப்பையில் எங்கும் காயம் படவில்லை என்பதைக் கேமரா விட்டுப் பார்த்தார்களாம்.

மே 24

சிறுநீர் வடிய வைத்திருந்த டியூபை எடுத்ததும் அத்தைக்குச் சிறுநீர் போகவே இல்லை. ஜக்கில் நர்ஸ் அளந்தது ஒரு வாய்த் தண்ணீர் அளவுகூட இல்லை. ஸ்கேன் எடுத்தால் உள்ளே அவ்வளவும் தேங்கியிருக்கிறது. மறுபடியும் டியூப். "போகுதுன்னு வந்தேன், இப்ப போகலங்கிறாக" என்று அத்தை அழுதார். கட்டு புதிது, சுற்றிலும் வீக்கம் இருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 1

டியூப் வெளியே வந்துவிட்டது. தானாகவே போகிறது, தேக்கமும் இல்லை.

ஜூலை 6

காலையில் மிளகாய் தாளித்த நெடியில் வீடே தும்மியது. அத்தையும் அடுக்கடுக்காகத் தும்மினார். உள்ளே போய்ச் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "ஏத்தா, காஞ்சு கெடக்கு" என்றார். கட்டிக்கொண்டேன்.

அவசரமாக முட்டிக்கொண்டு வருவது புதிதாகக் கொஞ்சம் இருக்கிறது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அப்படி வருமாம். அடுத்த தடவை போகும்போது கேட்க வேண்டும். 6 வாரம் முடிந்துவிட்டது, புல்லுக்கட்டைத் தூக்கட்டுமா என்று நச்சரிக்கிறார். டாக்டரம்மா பார்த்துச் சொல்லும்வரை அது மாமாவின் வேலை என்று சொல்லிவிட்டேன்.