ஐம்பது நாள் கோடு

பொதுக் குடிநீர்க் கிணறுகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் போடும் வேலைக்கு நான் வந்து சேர்ந்தபோது, பாதுகாப்பு என்றால் கிணற்றைச் சுற்றி ஒரு வேலி, ஒரு பூட்டு, ஒரு அறிவிப்புப் பலகை என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாள் என்னைக் கூட்டிப்போன மூத்த நிலத்தடி நீர் வல்லுநர் வேலிக்குள் நுழையவே இல்லை. பம்ப் அறைக்கு முதுகைக் காட்டி நின்றார். எதிரே தெரிந்த வயல்கள், வீடுகள், ஒரு வண்டிப் பட்டறை எல்லாவற்றையும் கையை வீசிக் காட்டி, "நம்ம கிணறு அங்க இருக்கு தம்பி" என்றார். அவர் சொன்னது எனக்கு முழுசாக உறைக்க இரண்டு வருடம் ஆனது.

கிணறு தண்ணீரை இழுக்கிறது, அவ்வளவுதான். மோட்டார் ஓட ஓட, குழாயைச் சுற்றி நீர்மட்டம் புனல் போலக் குழிந்து இறங்கும். அந்தக் குழிவை நோக்கி நாலா பக்கமும் இருந்து தண்ணீர் நகர்ந்து வரும், மேட்டுப் பக்கத்திலிருந்து அதிகமாக வரும். எந்த நிலத்தில் விழும் மழை என்றைக்காவது ஒருநாள் இந்தக் குழாய்க்குள் வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதும் கிணறுதான். அங்கே ஒருவர் கொட்டுவது எல்லாம் கிணற்றில் கொட்டுவதுதான், கொஞ்சம் தாமதமாக.

எவ்வளவு தாமதம் என்பதுதான் எங்கள் வேலையின் மையம். இன்றைக்குக் கணினியில் மாதிரி அமைத்துப் பார்க்கிறோம். ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் தாளில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர், அதாவது 1,000 கனமீட்டர் இறைக்கிற கிணறு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் தாங்கும் மணல் அடுக்கின் கனம் 20 மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீர் ஓடக்கூடிய இடைவெளி. 50 நாளில் இறைப்பது 50,000 கனமீட்டர். அவ்வளவு தண்ணீர் மண்ணுக்குள் இருக்க வேண்டுமென்றால், கிணற்றைச் சுற்றி ஏறக்குறைய 63 மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும். அந்த வட்டத்தின் விளிம்பில் இருக்கும் தண்ணீர் குழாய்க்கு வந்து சேர 50 நாள் ஆகும், அதுதான் 50 நாள் கோடு. இதையே 10 வருடத்துக்குப் போட்டால் ஆரம் 540 மீட்டரைத் தொட்டுவிடும். நிஜத்தில் அது வட்டமாக இருக்காது. நிலத்தடி நீர் ஏற்கெனவே ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருப்பதால், தண்ணீர் வரும் திசையில் நாக்கு போல நீண்டிருக்கும். ஆனாலும் அந்த 63, 540 என்ற இரண்டு எண்களைக் கையால் போட்டுப் பார்த்தவர்கள் அப்புறம் கிணற்றைப் பார்க்கும் பார்வையே வேறு.

அது என்ன 50 நாள் என்று கேட்காதவர்கள் இல்லை. மலத்தோடு வரும் நோய்க்கிருமிகள் மண்ணுக்குள் நகரும்போது பெரும்பாலும் வடிகட்டப்பட்டும் செத்தும் போகின்றன. அதற்குத் தேவையான அவகாசமாகப் பல நாடுகள் எடுத்துக்கொண்ட அளவு அது. ஜெர்மனியில் கிணற்றை ஒட்டிய பகுதிக்கு அடுத்த வளையம் இந்த 50 நாள் கோட்டை வைத்துத்தான் வகுக்கப்படுகிறது. இங்கிலாந்திலும் உள் வளையம் 50 நாள், அதற்கு வெளியே 400 நாளுக்கு இன்னொன்று. மணற்பாங்கான மண்ணில் இது ஓரளவு நம்பிக்கையான கோடு. சுண்ணாம்புப் பாறையிலும் வெடிப்பு விட்ட பாறையிலும் கதை வேறு. அங்கே தண்ணீர் வடிகட்டப்படாமல் ஓடையாகவே ஓடும், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மீட்டர் கூடக் கடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வட்டம் வரைந்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது மிகப் பெரிய தவறு.

கிருமி சாகும், சரி. ரசாயனம் சாகாதே. பெட்ரோல் நீர்மட்டத்தின் மேல் மிதந்து பரவும். உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கப் பயன்படுகிற டிரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் களிமண்ணோ பாறையோ தடுக்கும்வரை இறங்கிக்கொண்டே போகும். உரத்திலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் வருகிற நைட்ரேட், ஆக்சிஜன் இருக்கிற நிலத்தடி நீரில் சிதையாமல் தண்ணீரின் வேகத்திலேயே கூட வரும். அதனால்தான் 50 நாள் கோட்டுக்கு வெளியே 10 வருடக் கோடு ஒன்றையும் போடுகிறோம்.

கோடுகள் போட்டு முடித்ததும் அதற்குள் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். நான் பொறுப்பெடுத்த முதல் கிணற்றுக்கு ஆவணங்களைப் பார்த்தே பட்டியலை முடித்துவிட்டேன். எரிபொருள் தொட்டி ஒன்று, மாட்டுக்கொட்டகை இரண்டு, பட்டறை ஒன்று, வீடுகளின் செப்டிக் டேங்குகள். அழகான அட்டவணை. அதைப் பார்த்த மூத்தவர், "நடந்து பார்த்தியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

நடந்தேன். மூன்றாவது நாள் ஒரு பெரியவர் வீட்டு வாசலில் நின்று வரைபடத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் இயல்பாகச் சொன்னார்: "பழைய கிணறு ஒண்ணு இருக்கே, அதையும் எழுதிக்கிட்டீங்களா?" பின்பக்கக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். பலகைகள் அடுக்கி, மேலே உடைந்த சாமான்களைப் போட்டு மூடியிருந்தது. பலகையை நகர்த்தியதும் வந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. முன்பு அங்கே குடியிருந்த ஒருவர் வண்டி பழுது பார்த்தவராம். வடித்த எஞ்சின் ஆயிலை இதற்குள்தான் ஊற்றுவாராம். டார்ச் அடித்தால் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம்.

எங்கள் பொதுக் கிணற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அங்கேயே பார்த்துவிட முடிவு செய்தோம். அன்று காலையிலிருந்து மோட்டார் நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். மட்டம் பார்க்கும் டேப்பைப் பழைய கிணற்றில் இறக்கி, நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டேன். பம்ப் அறையில் இருந்த ஆபரேட்டருக்கு போன் செய்து மோட்டாரைப் போடச் சொன்னேன். பெரியவரும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். மெதுவாக ஏறியது. பெரியவர் முகம் மாறிவிட்டது. "அப்போ இந்தத் தண்ணியதான் நாங்க குடிக்கிறோமா?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எந்த ஆவணத்திலும் இல்லாத கிணறு அது. 50 நாள் கோட்டுக்குள் இருந்தது. மேலே இருக்கிற மண் எவ்வளவு நன்றாக வடிகட்டினாலும், இப்படி ஒரு கைவிடப்பட்ட கிணறு அந்த மண்ணையே தாண்டி நேரே அடிக்கு வழி திறந்துவிடுகிறது. அதை மூடுவதும் லேசான காரியம் இல்லை. குப்பையும் மண்ணும் போட்டுத் தூர்த்தால் வழி அப்படியேதான் இருக்கும். உள்ளே இருந்த கசடையும் எண்ணெயையும் வெளியே எடுத்து, சுத்தம் செய்து, குழாய் இறக்கி அடியிலிருந்து மேல்நோக்கிச் சிமெண்டும் பெண்டோனைட் களிமண்ணும் கலந்த கலவையை நிரப்பினோம். பொதுக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் தடயம் எதுவும் வரவில்லை. அந்த முடிவு கையில் வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

இன்னொரு விஷயத்தில் அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. நான் பிறகு வேலை பார்த்த ஒரு இடத்தில் ஆய்வக அறிக்கைகள் கோப்பில் வரிசையாக இருந்தன. நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிற ஆபத்து உண்டு. ஒவ்வொரு அறிக்கையும் வரம்புக்குக் கீழேதான். ஒவ்வொன்றிலும் 'சரி' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து எல்லா எண்களையும் ஒரே தாளில் புள்ளி வைத்து இணைத்தேன். வருடா வருடம் ஏறிக்கொண்டே வந்த கோடு. தனித்தனியாகப் பார்த்த யாருக்கும் அது தெரியவில்லை. கண்டுபிடித்த நேரத்தில் மேட்டுப் பக்க வயல்களில் பல வருடமாகப் போட்ட உரத்தின் நைட்ரேட் மண்ணுக்குள் ஏற்கெனவே நடந்து வந்துகொண்டிருந்தது. இன்றைக்கே உரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் கோடு உடனே திரும்பாது. வேறு கிணற்றுத் தண்ணீரைக் கலந்து அளவைக் குறைத்துக் கொடுப்பதைத் தவிர அப்போதைக்கு வழி இல்லை.

இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கும் பெயர் வாக்கர்ட்டன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு சிறிய ஊர். 2000 மே மாதம் பெருமழைக்குப் பின் குடிநீரில் ஈ.கோலை கிருமி கலந்து 7 பேர் இறந்தார்கள், 2,000-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். கிருமி வந்தது ஆழம் குறைந்த 5-ஆம் எண் கிணறு வழியாக, பக்கத்துப் பண்ணையில் போட்ட மாட்டுச் சாணத்திலிருந்து. குளோரின் அளவைச் சரியாகச் சோதிக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதி வந்ததும் விசாரணையில் வெளிப்பட்டது. என்னை அதிகமாக உலுக்கியது வேறு ஒன்று. 1978-இல் அந்தக் கிணறு தோண்டப்பட்டபோதே, சுற்றியுள்ள நிலத்தை வாங்கிப் பாதுகாக்க யோசிக்கலாம் என்று நிபுணர் அறிக்கை சொல்லியிருந்தது. அந்தப் பண்ணைக்காரர் மீது தவறில்லை என்றும் விசாரணை சொன்னது. எல்லா விவசாயிகளும் செய்வதைத்தான், முறையாகத்தான், அவரும் செய்திருந்தார்.

அதைப் படித்த பிறகு ஊர்க்கூட்டங்களில் நான் பேசும் விதம் மாறியது. அதற்கு முன் நடத்திய முதல் கூட்டத்தில், சுவரில் வரைபடத்தை மாட்டி, உள் வளையத்துக்குச் சிவப்பு வண்ணம் அடித்திருந்தேன். சிவப்புக்குள் வீடு இருந்தவர்கள் எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போல உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா எழுந்து, "நாங்க இங்க வந்து முப்பது வருஷம் ஆச்சு, உங்க கிணறு நேத்து வந்தது" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கூட்டத்துக்கு வண்ணத்தை எடுத்துவிட்டு, வெறும் கோடு மட்டும் போட்ட பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து, பேனாக்களைக் கொடுத்தேன். பழைய கிணறுகள், புதைத்த தொட்டிகள், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளங்கள் எல்லாம் அவர்கள் கையாலேயே வந்து விழுந்தன. சாணக்குவியலை எங்கே மாற்றினால் வசதி, எந்த வாரம் உரம் போடாமல் தள்ளிவைக்கலாம் என்பதையும் அவர்களே சொன்னார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை நீர் வழங்கும் அமைப்பு ஏற்க வேண்டும் என்று நான் எப்போதும் எழுதுவேன். சிலரால் ஊர் முழுக்க நல்ல தண்ணீர் குடிக்கும்போது, சுமையை மட்டும் அவர்கள் தலையில் வைப்பது நியாயமாகப் படவில்லை.

இப்போது கையில் இருக்கும் கிணற்றுக்கு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறோம். பட்டியலில் இன்னும் நாலு வீடு பாக்கி. போனபோதெல்லாம் பூட்டிக் கிடந்தன. அதில் ஒரு வீட்டின் பின்புறம், சுவரோரமாக, வட்டமான ஒரு சிமெண்ட் மூடி தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆள் இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். டேப்பை எடுத்து வண்டியில் வைத்துவிட்டேன்.