அப்பாவுக்கு நான் இருந்தேன்

எனக்கு 34 வயது. திருகோணமலையில் எங்கள் வீட்டு மேலறையில் இருந்துகொண்டு, இரவில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காகத் தெருப் படங்களில் பெட்டி கீறுகிறேன். காருக்கு நீலப் பெட்டி, ஆளுக்குச் சிவப்பு. தானாக ஓடும் கார்களைப் பழக்குவதற்காம். பாதிப் படங்களில் பனி கொட்டிக் கிடக்கும். நான் கீறிய பெட்டி எந்தக் காருக்குப் போனது, யாரையாவது இடிபடாமல் காத்ததா என்று எனக்கு ஒருவரும் சொல்லப்போவதில்லை. மாத முடிவில் காசு வரும். குறை என்று எடுத்துக்காட்ட ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அப்பா உப்புவெளியில் கரைவலை இழுத்தவர். தோணி வலையை அரைவட்டமாக விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பும். பிறகு இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் நின்று, மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வரும்வரை இழுக்க வேண்டும். கீரி மீன் பட்டால் பங்கு உண்டு. சொறி என்கிற ஜெல்லிமீனும் குப்பையும் வந்தால் அன்றைக்கு வெறுங்கை. 2004 டிசம்பர் 26 அன்று வலை, தோணி, வாடிக் குடிசை எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் அப்பா கயிற்றுக்குத்தான் போனார்.

பத்து வயதில் ஆசைப்பட்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டார். "நீ இதைப் பிடிக்கக் கூடாதெண்டுதானடா நான் பிடிக்கிறன்."

மூன்று மாதத்துக்கு முன், அப்பா செத்து, அவருடைய அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா போனபோது அந்தச் சொல் திரும்பி வந்தது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்தி உண்டாக்கியவை என்று சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள். சின்னச் சின்னச் சதுரங்கள். ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. ஒன்றில் அள்ளி ஊற்றினால் இதம், அடுத்ததில் உடம்பு திடுக்கிடும். நனைந்தபடி நின்றபோதுதான் விளங்கியது, அப்பா இழுத்த கயிற்றின் அந்தப் பக்கத்தில் அத்தனை வருடமும் நான் இருந்திருக்கிறேன். மீன் படாத நாளும் அவருக்கு வீண்நாள் இல்லை. அவர் நினைத்தபடி நான் தப்பிவிட்டேன். நான் யாருக்காக இழுக்கிறேன்?

கல்யாணம் கட்டினால் எல்லாம் சரியாகும் என்கிறார் மாமி. கட்டலாம். ஆனால் ஒரு பிள்ளையைப் பெற்று, என் வெறுமையை நிரப்பும் பொறுப்பை அதன் தலையில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள் 99 எண்ணெய்க் குதங்கள், பெரிய இரும்புத் தாங்கிகள், நிற்கின்றன. பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. பலவற்றைச் சுற்றி மரங்கள் வளர்ந்துவிட்டன. சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்தேன். இப்போது அந்தப் பக்கம் பார்க்க மனம் வருவதில்லை. இரும்பு அப்படியே நிற்கிறது, கட்டிய காரணம் போய்விட்டது.

போன கிழமை வேலை முடிந்தும் நித்திரை வரவில்லை. விடியும் முன் சைக்கிளை எடுத்தேன். தெருவோரம் மான்கள் படுத்திருந்தன. கரையில் கயிறு இழுபட்டுக்கொண்டிருந்தது. அப்பாவோடு நின்ற பெரியவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்சம் விலகி இடம் விட்டார். அப்பாவின் சொல்லை மீறுகிறோமே என்று கால் தயங்கியது. பிடித்தேன். அரை மணித்தியாலத்தில் உள்ளங்கை பிய்ந்துவிட்டது. போகும்போது ஒரு பையில் கீரி தந்தார். வேண்டாம் என்றேன்.

"கயிறு பிடிச்சவனுக்குப் பங்கிருக்கு தம்பி."

அம்மா மீனைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தா. தேங்காயெண்ணெய் எடுத்துவந்து பூசிவிட்டா.

அன்றிரவு மவுஸைப் பிடிக்க நொந்தது. பனித் தெரு ஒன்று வந்தது. கையில் ஒரு குழந்தையைப் பிடித்தபடி யாரோ தெருவைக் கடக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி, குழந்தைக்குத் தனியாக ஒரு பெட்டி கீறினேன். தொப்பியின் நுனி வெளியே போகிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.