கில்கமேஷின் சமையலறை

2021-ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 4-ஆம் தேதி வந்தது. அதற்கு மறுநாள் வெளியான 'எடர்னல்ஸ்' படத்தின் தமிழ் டப்பிங்கைச் சனிக்கிழமை மாலைக் காட்சியில் சித்தப்பா மகனுடன் ராயபுரத்தில் பார்த்தேன். நாங்கள் வழக்கமாகப் போகும் தண்டையார்பேட்டை அகஸ்தியா திரையரங்கு அதற்கு முந்தைய ஆண்டே மூடப்பட்டுவிட்டது. பொதிகை மலையில் இன்றும் சாகாமல் இருப்பதாகச் சொல்லப்படும் முனிவரின் பெயரைத் தாங்கிய அரங்கில், சாகாதவர்களைப் பற்றிய இந்தப் படத்தைப் பார்க்கக் கிடைக்காமல் போனது இன்றும் எனக்கு ஒரு குறைதான்.

அன்று படம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய இரவில் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தாத்தா கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் வைத்து உயர்த்தி, அதன்மேல் ஆயாவை உட்கார வைத்து, இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். ஆயாவுக்கு அப்போது மறதி நோய் முற்றியிருந்தது. பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் போய்விட்டன. சில நாட்களில் தாத்தாவையே யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்ட அந்நியர் என்று நினைத்துக் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார். தாத்தா ஒதுங்கி நின்று, "நான்தாம்மே, பயப்படாத" என்று அவர் அடங்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார். ஆயா சாப்பிட்டு முடித்த பிறகுதான் தாத்தா தன் தட்டை எடுப்பார். அதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும். முந்தைய நாள் மாலை திரையில் பார்த்த ஒன்றையே வீட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சென்ற மாதம் அந்தப் படத்தை வீட்டில் மறுபடி பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாக் கிர்பி 1976-இல் மார்வெல் காமிக்ஸுக்காக உருவாக்கிய பாத்திரங்கள் இவர்கள். படத்தில், அரிஷெம் என்னும் மாபெரும் அண்டசக்தி, டீவியன்ட்ஸ் எனப்படும் கொடிய விலங்குகளிடமிருந்து மனிதர்களைக் காப்பதற்காகப் பத்துப் பேரைப் பூமிக்கு அனுப்புகிறது. கி.மு. 5000-இல் மெசபடோமியாவில் வந்து இறங்கும் அவர்கள் முதுமை அடைவதில்லை. ஏழாயிரம் ஆண்டுகள் மனிதர்களுக்கு நடுவில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றுண்டு: டீவியன்ட்ஸின் கை இல்லாத எந்த மனிதச் சண்டையிலும் தலையிடக் கூடாது. பின்னால் தெரியவரும் உண்மை அதைவிடக் கொடியது. பூமியின் வயிற்றில் டியாமட் என்னும் இன்னொரு அண்டசக்தி கருவாக வளர்கிறது. மனிதர்கள் பெருகப் பெருக அதற்கு வலிமை சேர்கிறது. அது பிறக்கும் நாளில் பூமி அழியும். காவலர்கள் என்று தங்களை நம்பியிருந்தவர்கள், உண்மையில் அறுவடைக்காகப் பயிரைக் காத்தவர்களே.

'நோமேட்லேண்ட்' படத்துக்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கரை அதே 2021-இல் பெற்ற க்ளோயி ஜாவ் இதை இயக்கினார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் பத்துப் பேருக்கும் கதை சொல்ல வேண்டியிருப்பதால் சிலர் வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறார்கள் என்ற குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். டீவியன்ட்ஸ் பக்கத்துக்கும் ஒரு நியாயம் இருப்பதாகக் காட்டத் தொடங்கிவிட்டு, அதைப் பாதியில் கைவிட்டதும் குறைதான். ஆனால் சூப்பர்ஹீரோ படங்களில் பெரும்பாலானவை கேட்கத் தயங்கும் கேள்வியை இந்தப் படம் நேருக்கு நேராகக் கேட்கிறது. இத்தனை ஆற்றல் கொண்ட நீங்கள், எங்களுக்கு அத்தனை துயரம் வந்தபோது எங்கே இருந்தீர்கள்? பத்துப் பேரில் ஒருத்தியான செர்சியிடம் அவளுடைய மனிதக் காதலன் டேன் இதைத்தான் கேட்கிறான். 1521-இல் ஸ்பானியர்களிடம் டெனோச்டிட்லான் நகரம் வீழும்போது, மனிதர்கள் மனிதர்களை வெட்டிச் சாய்ப்பதை வேடிக்கை பார்க்கப் பொறுக்காமல் ட்ரூயிக் அணியை விட்டே விலகுகிறான். 1945-இல் எரிந்து கிடக்கும் ஹிரோஷிமாவின் நடுவில், மனிதர்களுக்குத் தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்த ஃபாஸ்டோஸ் மண்டியிட்டு அழுகிறான்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. எங்கள் தெருமுனையில் முனீஸ்வரர் கோயில் ஒன்று உண்டு. அவர் இரவில் தெருவைச் சுற்றி வந்து காவல் காப்பதாகச் சொல்லித்தான் ஆயா எங்களைத் தூங்க வைப்பார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடல் உள்ளே வந்தபோது காசிமேட்டுப் பக்கம் இருந்த எங்கள் உறவினர்கள் கையில் அகப்பட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆயா மறுநாள் அந்தக் கோயில் வாசலில் நின்று, "அன்னிக்கு எங்க போன நீ?" என்று உரக்கக் கேட்டார். அதன்பிறகு ஓர் ஆண்டு முழுவதும் அவர் அந்தச் சாமிக்குப் பூ வாங்கிப் போடவில்லை. படத்தின் உச்சக்கட்டத்தில் டியாமட்டின் விரல்கள் இந்தியப் பெருங்கடலைப் பிளந்துகொண்டு எழும் காட்சியைத் திரையரங்கில் பார்த்தபோது, என்னைச் சுற்றி விசில் சத்தம் கேட்டது. எனக்கோ அடிவயிறு கலங்கியது. கடல் எழுவதை ஒருமுறை கண்டவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரிதான் தெரியும்.

ஆனாலும் இந்தப் படத்தின் உயிர் அந்தக் கடலில் இல்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் தனித்து நிற்கும் ஒரு வீட்டின் சமையலறையில் இருக்கிறது.

பத்துப் பேரில் பெரிய போர்வீராங்கனை தீனா. ஏஞ்சலினா ஜோலி நடித்த பாத்திரம். அவளுக்கு நினைவு பிறழும் நோய் வருகிறது. எங்கே இருக்கிறோம், எதிரில் நிற்பவர் யார் என்பது தெரியாமல், தன் கூட்டத்தினர் மீதே ஆயுதம் வீசுகிறாள். அழிந்துபோன முந்தைய உலகங்களின் நினைவுகளே அவளுக்குள் கசிகின்றன என்பதும், அவள் பிதற்றியதெல்லாம் உண்மை என்பதும் பின்னர்தான் மற்றவர்களுக்குத் தெரிகிறது. நினைவுகள் அனைத்தையும் துடைத்துவிட்டால் அவள் குணமாவாள் என்று தலைவி ஏஜாக் சொல்கிறாள். தீனா மறுக்கிறாள், இந்த வாழ்வின் நினைவுகளை இழந்து பெறும் நலம் அவளுக்கு வேண்டாம். அப்போது கில்கமேஷ் முன்வந்து, அவளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். அவர்களிலேயே தோள்வலிமை மிக்கவன் அவன்; கொரிய நடிகர் மா டாங்-சியோக் நடித்திருக்கிறார். 1521-இலிருந்து கணக்கிட்டால் ஐந்நூறு ஆண்டுகள்! மற்றவர்கள் உலகெங்கும் சிதறி, நடிகனாகவும் ஆசிரியையாகவும் குடும்பஸ்தனாகவும் வாழும்போது, இவன் இடுப்பில் சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவளுக்குச் சமைத்துப் போடுகிறான். அவள் வெறி பிடித்துத் தாக்கும்போது அடியைத் தாங்கிக்கொண்டு, அவள் யார் என்பதை அவளுக்கே நினைவூட்டுகிறான். விருந்தாளிகள் வந்தால் மேசை போட்டுப் பரிமாறுகிறான்.

இந்தப் பாத்திரத்துக்குக் கில்கமேஷ் என்று பெயர் வைத்ததன் ஆழம் எனக்கு இரண்டாவது முறை பார்த்தபோதுதான் புரிந்தது. களிமண் பலகைகளில் எழுதப்பட்ட மெசபடோமியக் காவியத்தின் நாயகனான உரூக் நகரத்து மன்னன் கில்கமேஷ், உயிர்த்தோழன் என்கிடு இறந்ததும் சாவுக்கு அஞ்சி, சாகாமையைத் தேடி உலகின் எல்லைவரை போகிறான். பெருவெள்ளத்தில் பிழைத்து அமரனான முதியவரைச் சந்தித்து, இளமையை மீட்கும் செடி நீருக்கடியில் இருப்பதை அறிந்து, முத்துக் குளிப்பவர்களைப்போலக் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கி அதைப் பறித்து வருகிறான். திரும்பும் வழியில் ஒரு குளத்தில் அவன் நீராடும்போது பாம்பு அந்தச் செடியைக் கொண்டுபோய்விடுகிறது. அவன் உட்கார்ந்து அழுகிறான்.

நம்மிடம் இருக்கும் கதை வேறு மாதிரி. அதியமானுக்கு ஏறுவதற்கரிய மலைப்பிளவிலிருந்து நெல்லிக்கனி கிடைக்கிறது. அதன் பயனை வாய்விட்டுச் சொல்லாமல் தனக்குள் அடக்கிக்கொண்டு ஔவைக்குக் கொடுத்துவிடுகிறான். 'சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே' என்று அவர் புறநானூற்றில் நெகிழ்கிறார். பள்ளியில் இதை வள்ளல் தன்மைக்கு எடுத்துக்காட்டாகப் படித்து மதிப்பெண் வாங்கினேன். இப்போது எனக்கு அந்தப் பாட்டில் 'நின்னகத்து அடக்கி' என்ற சொற்கள்தாம் பெரிதாகத் தெரிகின்றன. கொடுப்பது இன்னதென்று வாங்குகிறவரிடம்கூடச் சொல்லாமல் கொடுத்திருக்கிறான்.

திரைப்படத்தின் கில்கமேஷ் பெயரால் உரூக் மன்னன். செயலால் அதியமானுக்கு உறவுக்காரன். தேடாமலே கைக்கு வந்த நெடிய ஆயுளை, தன்னை அடையாளம் தெரியாத ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து செலவழிக்கிறான். பத்துப் பேரில் இன்னொருவனான இகாரிஸ் வானில் பறக்கிறான், கண்ணிலிருந்து ஒளி பாய்ச்சுகிறான். கட்டளைக்கு அடிபணிந்து தன் தலைவியையே சாகவிடுகிறான். கடைசியில் செர்சி டியாமட்டைக் கல்லாக்கிப் பூமியைக் காப்பாற்றுகிறாள். அவளுடைய செயலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மனிதர்கள் அழியாமல் இருக்க வேண்டும் என்று இவர்கள் ஏன் நினைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, படத்தில் யார் பேசிய வசனத்தைவிடவும் அந்தச் சமையலறைதான் எனக்கு விடையாகப் பட்டது. பத்துப் பேரில் நடிகனாக வாழும் கிங்கோவோடு ஐம்பது ஆண்டுகள் இருந்து, அவன் முதுமை அடையாததைக் கண்டும் ரகசியத்தைக் காத்த மனித உதவியாளர் கருணும் இந்த வகையைச் சேர்ந்தவர். ஹரீஷ் பட்டேல் அவரை நெஞ்சில் நிற்கும்படி நடித்திருக்கிறார்.

அமேசான் காட்டில் தீனாவைக் காக்கும் சண்டையில் கில்கமேஷ் இறந்துபோகிறான். சாகாதவன், அவள் மடியில் சாகிறான்.

தாத்தா 2023-இல் காலமானார். ஹார்பரில் மூட்டை சுமந்து உரமேறிய தோள்கள் கடைசி ஆண்டில் சட்டைக்குள் காணாமல் போயிருந்தன. அப்போதும் ஆயாவைக் குளியலறைக்கு அழைத்துப் போவதை அவர் யாருக்கும் விட்டுத்தரவில்லை. அவர் போனதை ஆயாவிடம் மூன்று முறை சொன்னோம். மூன்று முறையும் அவர் முதன்முதலாகக் கேட்பதுபோலவே அழுததால், அதன்பிறகு யாரும் சொல்லவில்லை.

சென்ற மாதம் நான் படத்தைப் பார்த்தபோது ஆயா பக்கத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார். பறப்பதையும் அடிப்பதையும் அவர் கவனிக்கவில்லை. ஆஸ்திரேலிய வீட்டில் கில்கமேஷ் எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டு நின்றபோது, தலையைத் திருப்பித் திரையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைத் தொட்டுக் கேட்டார்:

"அவரு துன்னாரா?"