லஸ்கர் அண்ணன்

போன ஆவணியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் போன் அடித்தது. எங்கள் வேலையில் அந்த நேரத்துக்கு வருகிற போன் எல்லாம் தண்ணீர்ச் சங்கதியாகத்தான் இருக்கும். கரை கசிகிறது, ராத்திரி யாரோ ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள், பாலத்தடியில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது, இப்படி ஏதாவது. அதனால் யார் என்றுகூடப் பார்க்காமல் "எந்த இடம், எவ்வளவு தண்ணி?" என்று கேட்டேன். அண்ணனுடைய மகன். "அப்பா ராத்திரி தவறிட்டாங்க சார்" என்றான்.

அண்ணன் எனக்கு உறவு இல்லை. அவர் லஸ்கர், நான் உதவிப் பொறியாளர். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் வேலைக்காரர்களுக்கு இருந்த பெயர் ஆற்றங்கரைக்கு வந்து ஒட்டிக்கொண்டது; இன்றைக்கும் டெல்டாவில் ஷட்டர் தூக்குகிறவர், கரை பார்க்கிறவர், அளவு எழுதுகிறவர் எல்லாருமே லஸ்கர்தான். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். தம்பி என்று கூப்பிடச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "நாற்காலியத்தானே சார்ங்கிறேன், ஒங்களையா?" என்று சிரிப்பார். 2021-ல் ஓய்வு பெற்ற மறுநாள் போன் பண்ணி, "தம்பி, சாப்ட்டியா?" என்றார். அவ்வளவு காலமும் அந்த வார்த்தையை எங்கே வைத்திருந்தாரோ.

நான் சிவகங்கைப் பக்கம், கண்மாய் ஊர்க்காரன். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஓரிடத்தில் நிற்பது. கரையில் ஏறிப் பார்த்தால் இவ்வளவு கிடக்கிறது, இத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லிவிடலாம். 2014-ல் வேலைக்குச் சேர்ந்து வெண்ணாற்றுப் பாசனப் பகுதிக்கு வந்தபோது, இங்கே தண்ணீர் நிற்காது, வந்துகொண்டோ போய்க்கொண்டோதான் இருக்கும் என்பது மண்டையில் ஏறவே எனக்கு ஒரு பருவம் ஆனது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள். அங்கிருந்து வெண்ணாற்றில் வருவது தென்பெரம்பூரில் வெட்டாறு, வடவாறு என்று ஒரு தடவை பிரியும். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு என்று இன்னொரு தடவை பிரியும். அப்புறம் வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்துகொண்டே போய் முத்துப்பேட்டைப் பக்கம் கடல் வாடை அடிக்கிற இடத்தில் கடைசி வயல். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி, என்பது எனக்கு மனப்பாடம். அதை வைத்துக்கொண்டு கடைசி வயல்காரரிடம் என்ன பேசுவது?

அந்த வருஷம் மேட்டூர் திறந்ததே ஆகஸ்ட் 15-ல்தான். வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 என்ற தேதியெல்லாம் அப்போது பழங்கதை மாதிரி ஆகியிருந்தது. முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் கடைமடை ஊர்க்காரர்கள் சாலை மறியலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அளவுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய், நீர்மட்டம் காட்டுகிற ஸ்கேலில் மூணேகால் அடி இருக்கிறது, அட்டவணைப்படி இத்தனை கன அடி உங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று விளக்கினேன். ஒரு பெரியவர் பதிவேட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நல்லாத்தான் தம்பி பாயுது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

அண்ணன் அங்கே ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்ததும், "வண்டிய எடுங்க சார், ஆத்தோட போவோம்" என்றார். சட்ரஸிலிருந்து, அதாவது ஷட்டர் வைத்துத் தண்ணீரைப் பிரித்து விடுகிற இடத்திலிருந்து, கடைமடை வரைக்கும் 18 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டியிருக்க மாட்டோம், ஒரு பழைய பாலம். அதன் கண்கள் இரண்டையும் ஆகாயத்தாமரை பாய் போட்ட மாதிரி மூடியிருந்தது, மேலே நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு சாய்ந்து கிடந்தது. பாலத்துக்கு மேல்பக்கம் தண்ணீர் தளும்ப நின்றது, கீழ்ப்பக்கம் கணுக்கால் அளவு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே அடைத்துக்கொண்டால் தண்ணீர் எக்கி நிற்கும், எக்கின தண்ணீரும் ஸ்கேலில் மூணேகால் அடிதான் காட்டும். "ஸ்கேல் காட்டுறது ஒசரம் சார். ஓட்டத்தையா காட்டுது?" என்றார். பரீட்சையில் இதைக் கேட்டிருந்தால் நான் படம் போட்டு இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

ஓட்டத்தை அவர் பார்க்கிற விதம் வேறு. சட்ரஸுக்குக் கொஞ்சம் கீழே கரையோரம் கரண்ட் கம்பங்கள் வரிசையாக நிற்கும். முதல் கம்பத்துக்கு நேரே நின்று ஒரு பூவரச இலையைக் கிள்ளி நடுத்தண்ணீரில் போடுவார். போட்டுவிட்டு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துத் துடைத்து, காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து மடித்து வாயில் போடுவார். அதற்குள் இலை மூன்றாவது கம்பத்தைத் தாண்டியிருந்தால் தண்ணீர் சரியாகப் போகிறது, தாண்டவில்லை என்றால் கீழே எங்கேயோ அடைப்பு. நான் அவருக்குத் தெரியாமல் செல்போனில் நேரம் பார்த்திருக்கிறேன். அவர் வெற்றிலை மடிப்பது அநேகமாக மூன்று நிமிஷம்தான், ஐந்து பத்து விநாடிதான் முன்னே பின்னே. மேல்மட்ட வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம் வரும் என்று ஒரு நாள் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "பெருக்கிக்குங்க சார், அதுக்குள்ள நான் அடைப்ப எடுத்துட்டு வந்துடுறேன்" என்று அரிவாளோடு கிளம்பிவிட்டார். வழியில் ஒன்றும் அடைத்துக்கொள்ளவில்லை என்றால் சட்ரஸில் விட்ட தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர எட்டு மணி நேரம். இதைப் பாசனக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அவர் சொல்லி வைத்திருந்தார். அவர்களும் இத்தனை மணிக்குத் தூக்கினால் இத்தனை மணிக்கு நம் மதகுக்கு வரும் என்று விரல் மடித்துக் கணக்குப் போடுவார்கள்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன் என்றில்லை. ஷட்டருக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்போம். பயிர் காய்கிற சமயத்தில் ராத்திரியில் யாராவது வந்து அறுத்துவிட்டுத் தூக்கிவிடுவார்கள். அண்ணன் விடியற்காலையில் பார்த்து, இறக்கி, வேறு சங்கிலி போட்டுவிடுவார். பதிவேட்டில் எழுத மாட்டார். ஒரு தடவை கையும் களவுமாக நான் கண்டுபிடித்துக் கத்தினேன். "யாருன்னு தெரியும் சார். எழுதினா கேஸு, அலைவான். எழுதலைன்னா டீக்கடையில என்னப் பாக்கறப்ப தலையக் குனிஞ்சிக்குவான். எனக்கு அது போதும்" என்றார். விதிப்படி இது தப்பு. இன்றைக்கு என் கீழே ஒரு லஸ்கர் இப்படி மறைத்தால் நான் திட்டத்தான் செய்வேன். ஆனால் அறுத்தவன் இரண்டாவது தடவை அறுத்ததாக எனக்கு நினைவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

2016-ல் செப்டம்பர் 20-ல் திறந்தார்கள். வந்த தண்ணீர் பாதி வாய்க்காலுக்குக்கூட எட்டவில்லை, வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. ஆற்றுக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். அண்ணன் மட்டும் தினமும் காலை ஆறு மணிக்குப் படியிறங்கிப் போய் ஸ்கேலைப் பார்த்துவிட்டு வந்து "இல்லை" என்று எழுதுவார். வாராவாரம் கியர் பெட்டியைத் திறந்து பழைய கிரீஸை வழித்துப் போட்டுவிட்டுப் புதுசு பூசுவார். "தண்ணியே இல்ல, எதுக்குண்ணே இது?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் அவருடைய குடியிருப்பு ஓடெல்லாம் பறந்துவிட்டது. சாய்ந்த தென்னை மரங்களை வெட்டி வழியெடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர மூன்றாம் நாள் ஆனது. ஷட்டரில் மாட்டியிருந்த தென்னை மட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "ரெண்டு ஷட்டரும் சுத்துது சார்." அந்த கிரீஸ்.

எட்டு வருஷமாகத் தள்ளிப்போனதற்கு அப்புறம் 2020-ல் ஜூன் 12-லேயே மேட்டூர் திறந்தது. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்றைக்கு அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் தண்ணீருக்கு முன்னால் வாய்க்காலுக்குள்ளேயே நடந்தார், நானும் கூட நடந்தேன். முதல் தண்ணீர் அழகாக ஒன்றும் இருக்காது. சருகு, வைக்கோல், பிளாஸ்டிக் பாட்டில், எலிப் புழுக்கை எல்லாவற்றையும் சுருட்டித் தள்ளிக்கொண்டு பழுப்பு நுரையாக, ஆள் நடையைவிட மெதுவாக வரும். வெடிப்புகளுக்குள் இறங்கும்போது உஸ்ஸென்று காற்று வெளியேறிக் குமிழி விடும், அதற்குப் பயந்து நண்டுகள் வளையைவிட்டு ஓடும். ஒவ்வொரு பெரிய வெடிப்பும் நிறைகிற வரைக்கும் அண்ணன் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த எட்டு வைத்தார். என்னை அவசரப்படுத்தவும் விடவில்லை. ஒரு மதகைத் தாண்ட அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஓய்வுக்கு அப்புறம் மாசத்துக்கு இரண்டு தடவையாவது போன் பண்ணுவார். நான் வேறு பிரிவுக்கு மாறியிருந்தேன். 2022-ல் மே 24-லேயே மேட்டூரைத் திறந்தபோது, தூர்வாரும் வேலை முடியவில்லையே என்று நான் புலம்பினேன். "வர்ற லட்சுமிய வாசல் கூட்டி முடிக்கிற வரைக்கும் நில்லுன்னா சொல்லுவே?" என்று கேட்டார்.

சாவுக்குப் போனபோது மணி ஒன்பதரை. அந்த ஊர்ச் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பாலம் கிடையாது. முறை வைத்துத் தண்ணீர் போகிற நேரம், மார்பளவு ஓட்டம். தூக்கிக்கொண்டு எப்படி இறங்குவார்கள் என்று யோசித்துக்கொண்டே கரையில் நின்றேன். பத்து மணிக்குமேல் பார்த்தால் எதிர்க்கரையில் ஈரக்கோடு தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கோடு அகலமானது. சட்ரஸில் இப்போது இருக்கிற பையன், அண்ணன் பழக்கிவிட்டவன், யாரையும் கேட்காமல் ஷட்டரை இறக்கித் தண்ணீரைப் பக்கத்து ஆற்றுக்குத் தள்ளியிருக்கிறான். பாடை இறங்கும்போது முழங்கால் அளவுதான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குத் திரும்பத் தூக்கிவிட்டான். போகும்போது சட்ரஸில் வண்டியை நிறுத்திப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆறேகாலுக்குக் கடைமடையிலிருந்து ஒரு போன். பத்து வருஷத்துக்கு முன்னால் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாரே, அந்தப் பெரியவர்தான். என் நம்பரை இன்னும் வைத்திருக்கிறார். "சார், தண்ணி திடீர்னு எறங்குது, மேல என்ன?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, பின்னால் ரேடியோ மட்டும் கேட்டது. அப்புறம், "எத்தன மணிக்குத் திரும்பத் தூக்குனாங்க?" என்று கேட்டார்.

பன்னிரண்டு என்றேன்.

"அப்ப எட்டுக்கெல்லாம் ஏறிடும்" என்றார். "சரி சார்."