முதுகுவலிக் குழுவில் சேர நான் பட்ட பாடு

இரவு பதினொன்றரை மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றுகொண்டு, பணியில் இருந்த டாக்டரிடம் "எனக்குச் சேணம் மரத்துப்போயிருக்கு டாக்டர்" என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எது?" என்றார். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நடந்தது இன்னும் மோசம்.

எனக்கு முதுகுவலி இது ஐந்தாவது வருடம். மூன்று மாதத்தைத் தாண்டினாலே நாள்பட்ட வலி என்று கணக்கு; அந்தக் கணக்கில் நான் சீனியர். டாக்டர், ஸ்கேன், பிசியோ, மாத்திரை எல்லாம் நீங்களும் பார்த்ததுதான். வீட்டில் விசாரிக்க ஆள் உண்டு. ஆனால் ஐந்து வருடமாக ஒரே பதிலைக் கேட்டு அவர்களுக்கும் சலித்துவிட்டது. "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். குற்றம் சொல்லவில்லை, அவர்கள் இடத்தில் நானும் அப்படித்தான் போயிருப்பேன். இதே வலி உள்ள நாலு பேரோடு பேசினால் தேவலை என்றுதான் இணையத்தில் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது ஒரு வாட்ஸ்அப் குழு. ஒரு கேள்வி கிடையாது, இணைப்பைத் தொட்டால் உள்ளே. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். பத்தாவது நிமிடம், "ரிப்போர்ட்டப் போடுங்க தம்பி, பார்த்துடலாம்" என்றார் ஒருவர். அந்த 'தம்பி'யில் உருகிப்போய் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை அப்படியே படமெடுத்துப் போட்டுவிட்டேன். மேல் மூலையில் என் பெயர், வயது, பதிவு எண், கைபேசி எண் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் போடத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. இடுப்பு பெல்ட் விற்பவர், எண்ணெய் விற்பவர், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கை ஒரே தட்டில் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்பவர். ஒருவர் என் ரிப்போர்ட்டை எனக்கே வரி வரியாக வாசித்துக் காட்டி, "எல்4–எல்5, எல்5–எஸ்1 ரெண்டும் போச்சே சார்" என்று இடுப்புப் பக்கத்து இரண்டு டிஸ்க்குகளைப் பற்றித் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். தெரியாத எண்ணிலிருந்து வந்தால் எடுப்பதையே நிறுத்தினேன். அதில் பிசியோ நேரம் மாறியதைச் சொல்ல வந்த அழைப்பும் போயிற்று. அங்கே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

'போச்சே' என்ற அந்தச் சொல் மட்டும் மனதில் தங்கிவிட்டது. குனிந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்ற பயத்தில் பன்னிரண்டு நாள் படுக்கையோடு கிடந்தேன். எழுந்தபோது முதுகு முன்னைவிடக் கட்டையாக இருந்தது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு. இத்தனைக்கும் ஒருவருக்கும் முதுகுவலி இல்லை. இது அப்போது தெரிந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு நாளும் மிச்சமாகியிருக்கும். பயத்தில் ஒரு பெல்ட்டும் வாங்கினேன். நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்காதவற்றின் பட்டியலில் இடுப்பு பெல்ட்டும் இருக்கிறது, இழுவை சிகிச்சையும் இருக்கிறது. பெல்ட் இப்போது அலமாரியில் தூங்குகிறது.

மாத்திரை விஷயம்தான் இன்னும் ஆறவில்லை. குழுவில் ஒருவர், கேட்டால் டாக்டரே தோற்றுப்போவார், அப்படி எழுதுவார். "நரம்பு மாத்திரையெல்லாம் விஷம். இன்னைக்கே நிறுத்துங்க. நான் நிறுத்தி மூணு மாசம் ஆச்சு, சும்மா சிங்கம் மாதிரி இருக்கேன்." காலுக்கு இறங்கும் வலிக்காக நான் ப்ரீகபாலின் என்ற நரம்புவலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிங்கமாகும் ஆசையில் அன்றிரவே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தூக்கம் போயிற்று. வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடவென்று அடித்தது, வலி இரட்டிப்பானது. "நிறுத்தணும்னா எங்கிட்ட சொல்லுங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். டக்குனு நிறுத்துற மாத்திரை இல்ல இது" என்று டாக்டர் திட்டினார். திரும்பி வந்து அந்தச் சிங்கத்திடம் நீங்கள் நிறுத்திய மாத்திரையின் பெயர் என்ன என்று கேட்டேன். பி12! வெறும் சத்து மாத்திரை. அதையும் எல்லோரும் நரம்பு மாத்திரை என்றுதானே சொல்கிறோம்.

குழுவை விட்டு வெளியேறினேன். போன் அழைப்புகள் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தொடர்ந்தன.

இரண்டாவது குழு நேர் எதிர். வலியோடு வாழ்கிற சிலரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து நடத்துவது. வாரம் ஒருமுறை வீடியோ கூட்டம், இடையில் பேச ஓர் அரட்டைக் குழு. சேர வேண்டுமென்றால் 23 கேள்விகள் கொண்ட படிவம். அதுவும் வேறு மொழியிலிருந்து யாரோ எந்திரத்தைக் கொண்டு தமிழாக்கியது. எட்டாவது கேள்வி: "உங்களுக்குச் சேணப் பகுதியில் உணர்விழப்பு உள்ளதா?"

யோசித்தேன். சேணம் எங்கே இருக்கும்? குதிரையின் முதுகில். எனக்கு முதுகில் மரத்தாற்போல இருக்கிறதா? இருக்கிறது. 'ஆம்' என்று அழுத்தினேன். படிவம் மூடிக்கொண்டது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து: உங்களை இப்போது சேர்க்க இயலாது, தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

அப்படித்தான் அந்த இரவு பயணம். வண்டியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் உயிர் வந்தது. விஷயத்தைக் கேட்ட டாக்டர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை மறக்க மாட்டேன். கால் வலுவைப் பார்த்தார், ஊசி நுனியால் அங்கங்கே தொட்டுப் பார்த்தார், சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டார். பிறகு விளக்கினார். "குதிரையோட முதுகு இல்ல சார், குதிரை மேல உட்கார்றவரைப் பத்தின கேள்வி இது. சைக்கிள்ல உட்கார்ந்தா சீட்டுல படுற இடம். தொடையோட உள்பக்கம், பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி." அந்த இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாதாம். தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். எனக்கு அது எதுவும் இல்லை. "சந்தேகம்னா வர்றதுதான் சரி" என்று அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தோடு குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன், அதுவும் நின்றுகொண்டே. மறுநாள் ஓர் அக்காவிடமிருந்து பதில் வந்தது: "மன்னிச்சிடுங்க. இதே கேள்வியில ஏற்கெனவே ரெண்டு மூணு பேர் விழுந்திருக்காங்க. நல்ல தமிழ்ல நீங்களே ஒரு வரி எழுதித் தர முடியுமா?" கோபமாக எழுதியவனிடமே வேலை வாங்கும் சாமர்த்தியத்தைப் பாருங்கள். எழுதிக் கொடுத்தேன். டாக்டர் கொடுத்த சீட்டை, இந்த முறை பெயரை மறைத்து, அனுப்பினேன். ஒரு வாரத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் வீடியோ கூட்டம் ஒன்றரை மணி நேரம். சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் பத்துக்கு ஏழு வலி. பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஒரு வீடியோ கட்டத்தில் முகமே இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்துதான் குரல் வந்தது. இன்னொரு கட்டத்தில் ஒருவர் கடிகாரப் பெண்டுலம் மாதிரி இந்தப் பக்கம் மறைவதும் அந்தப் பக்கம் வருவதுமாக நடந்துகொண்டிருந்தார். மின்விசிறிக்காரர் சொன்னார், "புதுசா வந்திருக்கவர் ஏன் இவ்வளவு மரியாதையா உட்கார்ந்திருக்கார்? படுங்க சார், இங்க யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

படுத்தேன். போனை நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டேன். என் கட்டத்திலும் மின்விசிறி வந்தது. ஒரு சபையில் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் நான் படுத்தது ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் மைக்கை அணைத்து வைக்க வேண்டியிருந்தது.

அங்கே வலி தீரவில்லை, தீரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. கிடைத்தது ஒரு கேள்வி. "வலி கூடறதுக்கு முன்னாடி எத்தனை நிமிஷம் உட்கார முடியுது?" என்று அந்த அக்கா கேட்டார். தெரியவில்லை. ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: 14 நிமிடம். அதைவிடக் குறைவாக, பத்தாவது நிமிடத்திலேயே அலாரம் வைத்து எழுந்துவிட வேண்டும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். சில நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டலாம். நல்ல நாள் வந்துவிட்டதே என்று நாலு நாள் வேலையை இழுத்துப் போட்டுச் செய்து, அடுத்த நாலு நாள் படுக்கிற என் பழக்கத்துக்குத்தான் இந்தக் கடிவாளம். பிசியோவும் இதையேதான் சொன்னார். ஆனால் அவர் ஸ்டூலில் சுகமாக உட்கார்ந்து சொன்னார், அக்கா தரையில் படுத்துக்கொண்டு சொன்னார். இப்போது 35 நிமிடத்தில் நிற்கிறேன்.

சேர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி அதை வைத்துச் சேருங்கள். குழுவில் பேசாமல் தனிச்செய்திக்கு வருகிறவர் பெரும்பாலும் எதையாவது விற்க வருகிறார். யார் எந்த மருந்தைப் பற்றிச் சொன்னாலும் முதலில் பெயரைக் கேளுங்கள், அப்புறம் டாக்டரைக் கேளுங்கள். "முதுகு வலிக்கிறது, என்ன செய்ய?" என்று கேட்டால் நாற்பது பதில் வரும், நாற்பதும் வேறு வேறாக இருக்கும். "நீண்ட பயணத்தில் எத்தனை மணிக்கு ஒருமுறை இறங்குகிறீர்கள்?" என்று கேட்டால் மூன்று பதில் வரும், மூன்றும் உதவும். ஏழு நிமிடக் குரல் பதிவுகளை இரவில் கேட்காதீர்கள். ஒருவருக்கு அறுவை சிகிச்சை சரியாக வரவில்லை என்பதை இரவு ஒரு மணிக்குக் கேட்டுவிட்டு விடியும்வரை என் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்பது மணிக்கு மேல் குழுவை மௌனத்தில் போட்டுவிடுகிறேன்.

எட்டாவது கேள்வியை மாற்றிவிட்டார்கள். "சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் சீட்டில் படும் இடம் மரத்துப்போயிருக்கிறதா?" என் வரி, ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ஆனால் பத்தொன்பதாவது கேள்வி இன்னும் "உங்கள் வலி கதிர்வீசுகிறதா?" என்றே இருக்கிறது. வலி காலுக்கு இறங்குகிறதா என்று கேட்கிறார்களாம். அதற்கும் மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.