ஒரே எஸ்எஸ்டி, மூன்று பிராசஸர் குடும்பங்கள்: டெபியன் போட்டுப் பார்த்த கதை

வீட்டில் மூன்று விதமான கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இன்டெல் ஆட்டம் என்270 போட்ட பழைய நெட்புக்: 32-பிட் மட்டும்தான், யூஇஎஃப்ஐயும் (கம்ப்யூட்டரை எழுப்பும் புதுவகை ஃபர்ம்வேர்) கிடையாது, பழைய பயாஸ்தான். அன்றாட வேலைக்கு ஒரு 64-பிட் லேப்டாப். அப்புறம் 8 ஜிபி ராஸ்பெரி பை 4, அது ஆர்ம், இன்டெல்லிலிருந்து வேறான பிராசஸர் குடும்பம். யூஎஸ்பி கேஸில் போட்ட 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை இதில் எதில் செருகினாலும் டெபியன் (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) பூட் ஆகி என் ஹோம் ஃபோல்டர் அப்படியே வர வேண்டும் என்பது ஆசை.

மூன்றுக்கும் பொதுவாக ஒரே ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் குடியிருக்கும் டிஸ்க் பகுதி) வைக்க வழியில்லை. லினக்ஸில் ஒவ்வொரு நிரல் கோப்பின் தொடக்கத்திலும், அதாவது எல்ஃப் தலைப்பில், எந்த பிராசஸருக்கானது என்று ஓர் எண் இருக்கும்: 32-பிட் இன்டெல்லுக்கு 3, 64-பிட்டுக்கு 62, 64-பிட் ஆர்முக்கு 183. தனக்குப் பழக்கமில்லாத எண் என்றால் கெர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு) அதை நேரடியாக ஓட்டாது. ஆகவே ஆளுக்கு 25 ஜிபியில் மூன்று ரூட், பொதுவாக ஒரு ஸ்வாப் (ராமுக்குத் துணையான இடம்), மிச்சமெல்லாம் ஹோம். ஸ்வாப் பொது என்பதால் ஹைபர்நேட் (ராமில் உள்ளதை ஸ்வாப்பில் எழுதிவிட்டு அணைவது) மட்டும் மூன்றிலும் கூடாது. முன்பக்கம் 1 எம்பிக்கு பயாஸ் பூட் பார்ட்டிஷன், 512 எம்பிக்கு ஃபேட்32-இல் ஈஎஸ்பி (யூஇஎஃப்ஐ பூட் கோப்புகளைத் தேடும் பார்ட்டிஷன்). பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி வகை.

பூட் பண்ணுவதுதான் தலைவலியாக இருக்கும் என்று நினைத்தேன். அதுதான் சுலபம். எடுத்து மாட்டும் டிஸ்க்கில் யூஇஎஃப்ஐ தேடும் கோப்பின் பெயரே பிராசஸருக்குத் தகுந்தபடி மாறுகிறது: இன்டெல் 64-பிட்டுக்கு 'பூட்எக்ஸ்64', ஆர்முக்கு 'பூட்ஏஏ64'. இரண்டும் ஒரே ஃபோல்டரில் சண்டையில்லாமல் இருக்கும். நெட்புக்கின் பயாஸோ டிஸ்க்கின் முதல் செக்டரைத்தான் படிக்கும், அங்கே பயாஸுக்கான க்ரப் (கெர்னலை ஏற்றிவிடும் நிரல்; மேலே சொன்ன இரண்டு கோப்புகளும் க்ரப்தான்). மூன்று க்ரப்பும் தத்தம் மாட்யூல்களைத் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்கின்றன. அதனால் ஈஎஸ்பிக்குள்ளேயே ஒரே க்ரப் ஃபோல்டர், ஒரே கான்ஃபிக் கோப்பு. கையொப்பமில்லாத பூட் நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டேன்.

கான்ஃபிக்கைக் கையால் எழுதினேன். எந்த பிராசஸரில் ஓடுகிறோம் என்று சொல்ல க்ரப்பில் ஒரு வேரியபிள் இருக்கிறது. அது ஆர்ம் என்றால் ஆர்ம் ரூட். இல்லையென்றால் 'சிபியூஐடி' கட்டளையால் 64-பிட் வருமா என்று சோதித்து, வந்தால் லேப்டாப் ரூட், வராவிட்டால் நெட்புக் ரூட். கெர்னல் பெயரைப் பதிப்பு எண்ணோடு எழுத வேண்டியதில்லை. ரூட்டின் உச்சியில் டெபியன் வைக்கும் 'விஎம்லினஸ்' இணைப்பு எப்போதும் புதிய கெர்னலையே காட்டும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: மூன்று சிஸ்டத்திலும் க்ரப்பின் 'பின்' என்று முடியும் பேக்கேஜை மட்டும் போட வேண்டும். முழு பேக்கேஜ் இருந்தால் ஏதோ ஒரு அப்டேட்டில் நாம் வைத்ததை அதுவே மாற்றி எழுதப் பார்க்கும்.

நெட்புக் முதலில் டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை. ஜிபிடியின் முன்னால் இருக்கும் பாதுகாப்பு எம்பிஆர் (பழைய முறை பார்ட்டிஷன் அட்டவணை) பதிவுக்கு ஆக்டிவ் கொடி போட்டதும் வழிக்கு வந்தது. சில பழைய பயாஸ்களுக்கு அந்தக் கொடி தெரிந்தால்தான் நிம்மதி.

பைக்கான ரூட்டை லேப்டாப்பிலிருந்தே டெபூட்ஸ்ட்ராப்பால் (டெபியனை ஒரு ஃபோல்டருக்குள் நிறுவும் கருவி) கட்டினேன், ஆர்ம் நிரல்களை இன்டெல்லில் ஓட்டும் க்யூஇஎம்யூ வழியாக. மெதுவாக நகரும், ஆனால் நிற்காது. பை தன் ஃபர்ம்வேர் கோப்புகளை ஃபேட் பார்ட்டிஷனில் தேடும் என்பதால், பை 4-க்கான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரையும் அதே ஈஎஸ்பியில் போட்டால் போதும். முதல் பூட்டில் 8 ஜிபிக்கு 3 ஜிபிதான் தெரிந்தது. அது அந்த ஃபர்ம்வேரின் இயல்பான வரம்பு, அதன் மெனுவில் நீக்கிவிடலாம்.

உண்மையான வேலை ஹோமில்தான். மூன்றும் லிட்டில் எண்டியன் (எண்ணின் பைட்டுகளை ஒரே வரிசையில் அடுக்குபவை), கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4-உம் ஒன்றே, யூசர் எண்ணும் 1000 என்பதால் கோப்புகளில் சிக்கல் இல்லை. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்புகளும் எங்கும் திறக்கும். லேப்டாப்பில் கம்பைல் பண்ணி ஹோமில் வைத்த கருவிகள்தான் பையில் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று கையை விரித்தன. பைத்தானின் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுகளுக்கும் அதே கதி. இப்போது 'யூநேம்' தரும் பிராசஸர் பெயரிலேயே நிரல்களுக்கான 'பின்' ஃபோல்டர்கள் வைத்து, லாகின் ஆகும்போது உரியதை மட்டும் பாத்தில் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கிறேன்.

எதிர்பாராதது நேரம். பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. நெட் வரும்வரை, தான் கடைசியாக அணைந்த நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். இடையில் லேப்டாப் ஹோமைத் தொட்டிருந்தால், பையின் கணக்கில் அந்த பார்ட்டிஷன் எதிர்காலத்தில் மவுன்ட் ஆகியிருக்கிறது! உடனே குறை சொல்லிக்கொண்டு டிஸ்க்கைச் சோதிக்க உட்கார்ந்துவிடும். கடிகாரத்தை நம்பாதே என்று, சோதனையைச் செய்யும் இ2எஃப்எஸ்சிகே-க்குச் சொல்ல அதன் கான்ஃபிக்கில் ஒரு வரி இருக்கிறது. பை ரூட்டில் அதைச் சேர்த்த பிறகு தொல்லை இல்லை.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் இன்டெல்லுக்கு கெர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. நெட்புக் 12-லேயே நிற்கிறது, மற்ற இரண்டும் 13-க்குப் போய்விட்டன. புதிய ஃபயர்ஃபாக்ஸ் தொட்ட புரொஃபைலைப் பழையது திறக்க மறுக்கும், அதனால் புரொஃபைலும் ஆளுக்கொன்று. நெட்புக்கின் 1 ஜிபி ராமில் பிரவுசர் திறப்பதே ஒரு தவம் என்பது வேறு விஷயம்.

அதே 13-இல்தான் ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு பிராசஸர் குடும்பம் அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்தது. அதற்கும் ஈஎஸ்பியில் தனிப் பெயர் உண்டு. ஹோமைக் கொஞ்சம் சுருக்கினால் நாலாவது ரூட்டுக்கு இடம் கிடைக்கும். போர்டுதான் இன்னும் வாங்கவில்லை.